ஒரு ஷொட் மிச்சம்

எங்கள் கந்தோரில் தொலைபேசி ஒன்றுதான். அது எனக்கு எதிரே இருந்தவருடைய மேசையில் இருந்தது. அதனால் அவர் சொல்லத் தொடங்கிய கதை எதுவும் இடையில் அறுபடாமல் முடிந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஒருநாள் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, "ராசா அப்பிடியே வாளை ஓங்கினார்" என்று சொல்லும்போது மணி அடித்தது. கையை இறக்கி ரிசீவரை எடுத்தார். கப்பல் பிந்துகிறது, வள்ளம் போதாது, மழை இருட்டுகிறது என்று இருபது நிமிடம் கொழும்போடு கதைத்தார். ரிசீவரை வைத்தார். பிறகு அதே கையை அதே உயரத்துக்குத் தூக்கி, "ஓங்கினவர், இறக்கேல்லை" என்று தொடர்ந்தார்.

நான் தட்டச்சுப் பொறிக்கு மேலே கவிழ்ந்து சிரித்தேன்.

"சிரிக்காதேங்கோ தங்கச்சி. இதுக்குப் பேர்தான் கொன்டினியூட்டி" என்றார்.

திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவரின் கந்தோர் அது. நான் அங்கே தட்டெழுத்தாளர். அவர் சரக்கு எண்ணும் கிளார்க். எதிரெதிர் மேசையில் பதினான்கு வருஷம் இருந்தோம். ஆனால் அவரிடம் போய் "நீங்கள் கிளார்க்தானே" என்று கேட்டுவிடக் கூடாது. "நான் நடிகன். இடைக்கிடை இஞ்ச வாறனான்" என்பார். அந்த இடைக்கிடை என்பது திங்கள் முதல் சனி அரைநாள் வரை.

படம் என்பது துண்டு துண்டாக எடுக்கிற சாமான் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். கதவைத் திறந்துகொண்டு உள்ளே போவதை இன்றைக்கு எடுப்பார்களாம், அறைக்குள்ளே வந்து நிற்பதை மூன்று மாதம் கழித்து வேறோர் ஊரில் எடுப்பார்களாம். பார்க்கிறவனுக்கு அது ஒரே நிமிடம். ஆகவே மூன்று மாதம் கழித்தும் தலைமயிர், சேட்டுப் பொத்தான், நெற்றி வேர்வை எல்லாம் கதவு திறந்தபோது இருந்த மாதிரியே இருக்க வேண்டும். அதைத்தான் கொன்டினியூட்டி என்றார். மற்ற நடிகர்கள் அதைப் படப்பிடிப்போடு விட்டுவிடுவார்கள். இவர் வீட்டுக்கும் கந்தோருக்கும் கொண்டுவந்துவிட்டார். தேத்தண்ணிக் கோப்பையின் பிடி எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அந்தப் பக்கமே திரும்ப வைப்பார். ஒருநாள் நான் கந்தோருக்குள் கால் வைக்கவும், "தங்கச்சி, நேற்று வகிடு இடப்பக்கம்" என்றார். என் கலியாணம் பேசி முடிந்ததைக் கந்தோரில் முதலில் கண்டுபிடித்தவரும் அவர்தான். புதுத் தோட்டைக் கண்டுவிட்டார்.

இந்தப் பைத்தியம் எங்கே தொற்றியது என்பதற்கும் ஒரு கதை உண்டு. சுதந்திரம் கிடைத்த காலத்தில், இருபது வயதுகூட ஆகாமல், தலைமன்னாரில் கப்பல் ஏறி நடிக்க மெட்ராசுக்குப் போனவர். மூன்று வருஷம் ராசா ராணிப் படங்களில் வேல் பிடித்த காவலாளியாக நின்றார். ஒரு படத்தில் அவருக்கு வசனமே கிடைத்தது. "அரசே, தூதுவன் வந்திருக்கிறான்." மூன்றே மூன்று சொல். வாசலுக்குள் நுழையும்போது வேல் வலது கையில் இருந்தது. உள்ளே வந்து நின்றதை அடுத்த கிழமை எடுத்தார்கள், அப்போது இடது கையில் பிடித்துவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. படம் வெளியான நாள் கொட்டகை முழுக்கச் சிரித்ததாம். தூதுவன் வந்த சேதி கேட்டு ராசா கண்கலங்க வேண்டிய இடத்தில் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்தக் கொம்பனி இவரை வாசல் பக்கமே வர வேண்டாம் என்றுவிட்டது. அடுத்த கப்பலில் ஊருக்கு வந்து சேர்ந்தார்.

இதைச் சொல்லும்போது அவரும் சிரிப்பார். ஆனால் "வலது கை" என்கிற இடத்தில் வலது கையையும், "இடது கை" என்கிற இடத்தில் இடது கையையும் விரித்து ஒரு தரம் பார்த்துக்கொள்வார். அந்தச் சிரிப்பு அவருக்குள்ளே எங்கேயோ இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

ஊரில் நாடகம் போட்டார். மேடை நாடகத்துக்குக் கொன்டினியூட்டி தேவையில்லை என்பதால் அதில் அவருக்குப் பெரிய மதிப்பு இருக்கவில்லை. இருபது வருஷம் கழித்து, இலங்கையிலேயே தமிழ்ப் படம் எடுக்கத் தொடங்கிய காலத்தில்தான் அவருடைய நாள் வந்தது. கொழும்பிலிருந்து ஒரு டைரக்டர் கொட்டியாரக் குடாவைப் படம் பிடிக்க வந்தார். கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவன், அவனுக்காகக் காத்திருக்கிற பெண், அவனுடைய தாய், நடந்தது தெரிந்தும் வாய் திறக்காத ஒரு தோணிக்காரன். தோணிக்காரன் வேஷம் இவருக்கு. மூக்குக்குக் கீழே தொடங்கி வாயின் இரு பக்கமும் வழிந்து இறங்குகிற மீசையும், காதுக்குக் கீழே வரும் கிருதாவும் வளர்த்துக்கொண்டு நடித்தார். முக்கால்வாசி முடிந்தபோது பணம் போட்டவர் கைவிட்டார். டைரக்டர் போகும்போது இவருடைய இரண்டு கையையும் பிடித்து, "அண்ணை, ஆறு மாதத்தில வருவன். மீசையில மட்டும் கை வைச்சிடாதேங்கோ" என்றாராம்.

"வாக்குக் குடுத்திட்டன்" என்றார் என்னிடம்.

ஆறு மாதம் ஆறு வருஷமாயிற்று.

ஒட்டு மீசை ஒட்டிக்கொண்டு நடிக்கலாம்தானே என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை, நானும் கேட்டேன். "மெட்ராசில ஒட்டிப் பாத்தனான் பிள்ளை. ஒட்டு மீசை முகத்தோட சேந்து சிரிக்காது" என்றார். அதற்கு மேலே கேட்க என்ன இருக்கிறது?

அவருடைய மனைவியைத்தான் சொல்ல வேண்டும். வேறொருத்தியாக இருந்தால் அவர் நித்திரையாய் இருக்கும்போது கத்தரிக்கோலை எடுத்து வேலையை முடித்திருப்பாள். அந்த மனுசி ஞாயிற்றுக்கிழமை தோறும் அவரைக் கதிரையில் இருத்தி, தையல் நாடாவால் மீசையை அளப்பார். முகம் பார்க்கிற கண்ணாடிக்குப் பக்கத்தில் தோணிக்காரன் வேஷத்தில் எடுத்த போட்டோ ஆணியில் தொங்கியது. அதைப் பார்த்துப் பார்த்து நுனியைச் சரிசெய்வார். நரை வரத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பிடுங்கி மாளாது என்று ஆனதும் கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சினார். தொப்பை விழாமல் இருக்க, புட்டு அவருக்கு அளவுதான், ஒரு குழல். "தோணிக்காரனுக்கு வண்டி இல்லை தங்கச்சி. இவருக்கு வைக்கவும் ஏலாது" என்பார் மனைவி. படத்தில் போட்ட கோடு போட்ட சேட், மேல்பொத்தான் இரண்டும் இல்லாதபடியே, அலுமாரிக்குள் பூச்சி உருண்டைகளோடு கிடந்தது.

கந்தோருக்குப் புதிதாக வந்த மனேஜர், சிங்களவர், ஒழுங்கு பார்க்கிறவர். கிளார்க்குமார் எல்லாரும் கிருதாவைக் குறைக்க வேண்டும் என்று கட்டளை போட்டார். இவர் என்னிடம் வந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்துத் தரச் சொன்னார். "ஐயா, நான் தற்போது ஒரு காட்சியின் நடுவில் நிற்கிறேன். காட்சி முடிந்ததும் தங்கள் கட்டளைப்படி சவரம் செய்வேன்." அப்படியே அடித்துக் கொடுத்தேன். மனேஜர் இவரைக் கூப்பிட்டு, காட்சி எப்போது தொடங்கியது என்று கேட்டார். "நாலு வருஷத்துக்கு முன்னம்" என்றார் இவர், அசையாமல். மனேஜர் கடிதத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். அனுமதி. அதற்குப் பிறகு காணுகிற நேரமெல்லாம், சீன் முடிந்ததா என்று அந்த மனுசன் உண்மையான அக்கறையோடு விசாரிப்பார்.

இதெல்லாம் சிரிப்பு. சிரிப்பில்லாத ஒன்றும் நடந்தது. படம் நின்ற அடுத்த வருஷம் அவருடைய தாய் போய்விட்டார்.

தாய் இருந்தது கிளிவெட்டியில், மூத்த மகளுடன். அந்தப் பெரியக்காதான் தகப்பன் இல்லாத இவரைத் தூக்கி வளர்த்தவர். கந்தோர் ஆட்கள் நாங்கள் லோஞ்சில் குடாவைக் கடந்து மூதூருக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்துப் போனோம். நான் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி, அவர்களுடைய முறைகள் எனக்கு அவ்வளவு தெரியாது. தாய்க்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும், அதற்கு முன்னே தலையும் மீசையும் எடுத்துக் குளிக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். கிணற்றடியில் ஊர்ச் சலூன்காரர் கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு இருந்தார். பெரியக்கா நீலக்கரை போட்ட வெள்ளைத் துவாயை இவரிடம் நீட்டினார்.

"இந்தா துவாய். போய் இரு."

இவர் வாங்கவில்லை. அழுது வீங்கிய முகத்தோடு நின்றார். "அக்கா, ஏலாது. படம் முடியேல்லை. வாக்குக் குடுத்திட்டன்."

அழுதுகொண்டிருந்த சனம் அழுகையை நிறுத்திவிட்டது. பெரியக்கா துவாயை நாலாக மடித்தார். "அப்ப எனக்குத் தம்பி இல்லை" என்றார். உள்ளே போய்விட்டார்.

மீசையோடுதான் கொள்ளிக்குடம் தூக்கினார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை இப்போதும் ஒளிக்க மாட்டேன். பெற்றவளைவிட ஒரு மீசையா என்று இரண்டு கிழமை அவரோடு கதைக்காமல் இருந்தேன். மூன்றாம் கிழமை அவரே வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"தங்கச்சி, அம்மாவுக்கு நான் செய்வன். செய்யாமல் விடமாட்டன். அம்மா பொறுத்துக்கொள்ளுவா. படம் பொறுக்காது" என்றார். அதற்குப் பிறகு எனக்குக் கோபிக்க முடியவில்லை. பெரியக்காவுக்கு முடிந்தது. ஐந்து வருஷம், வெருகல் திருவிழாவில் நேருக்கு நேர் கண்டபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாராம். இவர் மாதம் தவறாமல் கடிதம் போட்டார். பதில் வரவில்லை. எல்லாவற்றையும் விட்ட இடத்தில் தொடர்கிற மனுசனுக்கு, தொடர முடியாமல் போன ஒன்று அதுதான்.

ஆறாம் வருஷம் தந்தி வந்தது. "வருகிறோம். மீசை இருக்கிறதா?"

கந்தோரே எழுந்து நின்று கைதட்டியது. மனேஜர் ஒரு கிழமை லீவு கொடுத்தார்.

மூதூர்க் கரையில் படப்பிடிப்பு. சனிக்கிழமை பின்நேரம் நாங்களும் போனோம். போய்ப் பார்த்தால் டைரக்டர் ஒரு வள்ளத்தின் விளிம்பில் தலையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். கதாநாயகனுக்கு வண்டி வைத்து முன்மண்டை வெளித்துவிட்டது. கதாநாயகி கலியாணம் கட்டி லண்டனில் இரண்டு பிள்ளைக்குத் தாய். அந்த நேரம் இவர் பொத்தானில்லாத கோடு போட்ட சேட்டோடு வள்ளத்துக்குப் பின்னாலிருந்து வந்தார். டைரக்டர் கையிலிருந்த பழைய போட்டோவைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"அண்ணை, நீங்கள் ஒரு ஆள்தான் இன்னும் படத்துக்குள்ள நிக்கிறியள்" என்றார்.

அந்த இடத்திலேயே முடிவை மாற்றினார். இனிக் கதாநாயகன் திரும்பி வரமாட்டான். தோணிக்காரன் அவனுடைய சேட்டைக் கொண்டுவந்து தாயின் காலடியில் வைப்பான். இத்தனை வருஷம் மறைத்ததைச் சொல்வான். தாய் வேஷம் போட்ட அம்மாவும் பெரிதாக மாறவில்லை, கிழவிக்கு ஆறு வருஷத்தில் என்ன மாற்றம். மூன்று சொல்லுக்கு மெட்ராசில் விரட்டப்பட்டவருக்கு ஒரு முழுப் படத்தின் கடைசி வசனம் கிடைத்தது. "அம்மா, நான் பிந்திப்போனன்."

எடுத்தார்கள். நன்றாகத்தான் செய்தார். "கட்" என்றதும் சேட்டைத் தட்டிக்கொண்டு எழும்பி, "முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை, முடிஞ்சுது."

"ஒரு ஷொட்டும் மிச்சம் இல்லையோ?"

"இல்லை."

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ."

"படம் முடிஞ்சுது அண்ணை" என்று டைரக்டர் கையெடுத்துக் கும்பிட்டார்.

இவர் நேரே பூவரச மரத்தடிக்கு நடந்தார். அங்கே கிளிவெட்டிச் சலூன்காரர் பலகை போட்டு இருந்தார். இவருடைய மனைவி கிளிவெட்டிக்குச் சேதி சொல்லி அனுப்பி வந்தவர். மரத்துக்கு அந்தப் பக்கம் இன்னொருவரும் நின்றதை நாங்கள் அப்போதுதான் கண்டோம். பெரியக்கா. மெலிந்திருந்தார். கிட்ட வந்தார், கைப்பையைத் திறந்தார், நீலக்கரைத் துவாயை எடுத்து நீட்டினார்.

"இந்தா துவாய். போய் இரு."

இடையில் ஐந்து வருஷமே போகாததுபோல. இவர் துவாயைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். வாய் கோணியது.

"அக்கா, அண்டைக்கும் நீங்கள் வலக்கையாலதான் நீட்டினனீங்கள்."

"கதையாமல் இரு" என்றார் பெரியக்கா.

சலூன்காரர் தலையில் தண்ணீர் தெளித்தார். மயிர் மடியில் விழ விழ இவர் பிள்ளை மாதிரி அழுதார், இடையில் சிரித்தார். மீசை போன முகத்தை நான் முதன்முதலாகக் கண்டேன். பெரியக்காவின் முகம்தான். இரண்டு பேருக்கும் ஒரே மேலுதடு. கடலில் முழுகி எழும்பித் தாயின் பெயரைச் சொல்லித் தண்ணீர் விட்டார். கதாநாயகன் உட்பட எல்லாரும் கரையில் எழும்பி நின்றோம். நான் சிலுவை போட்டுக்கொண்டேன், எனக்குத் தெரிந்தது அதுதான்.

பத்தாம் நாள் அடுத்த தந்தி வந்தது. பிலிமின் கடைசித் துண்டில் வெளிச்சம் பாய்ந்து பழுதாகிவிட்டது. தாயின் முன்னால் சொல்கிற அந்த முகம் மட்டும் திரும்ப எடுக்க வேண்டும்.

கந்தோரில் எல்லாரும் அவருடைய மேசையைச் சுற்றி வந்து நின்றோம். மொட்டைத் தலையும் மழித்த முகமுமாக அவர் தந்தியை இரண்டு தரம் வாசித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கதிரையோடு பின்னுக்குச் சாய்ந்து, கண்ணால் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பதில் தந்தியை அவர் சொல்ல நான்தான் எழுதினேன். "வாருங்கள். முகம் இருக்கிறது. மீசை கொண்டுவாருங்கள்."

பொய்த் தலைமயிரும் ஒட்டு மீசையும் வைத்து, அதே இடத்தில், அரை மணித்தியாலத்தில் எடுத்து முடித்தார்கள். நான் போகவில்லை. எப்படி இருந்தது என்று கேட்டேன். "மீசை கடிச்சுது" என்றார்.

படம் எங்கள் ஊர்க் கொட்டகைக்கு ஒரு ஞாயிறு பின்நேர மட்டினிக் காட்சிக்கு வந்தது. பெரியக்கா கிளிவெட்டியிலிருந்து வந்து தம்பிக்குப் பக்கத்தில் இருந்தார். மனைவி, நான், மனேஜர் எல்லாரும் ஒரே வரிசை. மலிவு டிக்கெட் கலரிக்காரர் இவர் தோணியில் வந்த நேரமெல்லாம் விசிலடித்தார்கள். இவர் மட்டும் கதிரைக் கையைப் பிடித்தபடி இருந்தார். ஏன் என்று எனக்குத் தெரியும்.

கடைசிக் காட்சி வந்தது. தோணிக்காரன் சேட்டோடு நடந்து வருகிறான், உண்மை மீசை. குனிகிறான், உண்மை மீசை. முகம் திரை முழுக்க வருகிறது. நுனி வழிந்து இறங்கவில்லை, ஒரு பக்கம் விறைத்துக்கொண்டு நின்றது.

"டேய், மீசை மாறிப்போச்சு" என்றான் கலரியில் ஒருவன்.

சிரிப்பு மூலையில் கிளம்பியது. வரிசை வரிசையாக எங்களை நோக்கி வந்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டார். மெட்ராசில் கேட்ட அதே சிரிப்பு, கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்து, சொந்த ஊரில்.

பெரியக்கா எழும்பினார். திரையின் வெளிச்சம் முதுகில் விழ, கொட்டகையைப் பார்த்து நின்றார்.

"ஓம், அது ஒட்டு மீசைதான்" என்றார், நல்ல சத்தமாக. "உண்மை மீசையை என்ர தம்பி எங்கட அம்மாவுக்கு எடுத்திட்டான்."

சிரிப்பு நின்றது. திரையில் இருந்த முகம் வாய் திறந்தது. "அம்மா, நான் பிந்திப்போனன்." நான் மூதூரில் கேட்டது இப்படி இல்லை. அன்றைக்கு நடித்தார். இது வேறு. எனக்கு முன்னால் இருந்த கிழவர் ஒருவர் துவாயை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் நடிகர் நாலைந்து படம் நடித்தார், இரண்டு சிங்களப் படமும்கூட, எல்லாம் மழித்த முகத்தோடு. ஆனால் ஊர் ஞாபகம் வைத்திருப்பது அந்த ஒரு ஷொட்டைத்தான்.

அன்றைக்குக் கொட்டகையில் அவர் கண்ணைத் திறந்து முதலில் திரையைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தார். படம் முடிந்து விளக்குப் போடும்வரை பெரியக்கா அப்படியே நின்றார். பின்னால் இருந்தவர்களுக்குத் திரை மறைத்திருக்கும். ஒருவரும் அவரைக் கதிரையில் இருக்கச் சொல்லவில்லை.